எதிர்க்கேள்வி கேட்காத அவை

மாலை ஆறரை என்று அறிவித்தால் ஆறரைக்கே தொடங்கும் கூட்டம் நம் ஊரில் அரிது. டோஸ்ட்மாஸ்டர்ஸ் பேச்சு மன்றத்தின் கூட்டம் அந்த அரிய வகையைச் சேர்ந்தது. பள்ளி வகுப்பறை, அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடம், ஐ.டி. நிறுவனத்தின் கான்ஃபரன்ஸ் அறை என்று இடம் எதுவானாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். பதினைந்து இருபது பேர் இருப்பார்கள். மேடை என்று தனியாக எதுவும் இருக்காது; கரும்பலகைக்கு முன்னால் கொஞ்சம் இடம், அவ்வளவுதான். பொன்னாடை கிடையாது. மேடையில் வீற்றிருப்பவர்களின் பட்டங்களை ஒவ்வொன்றாக வாசிக்கும் வரவேற்புரையும் கிடையாது. வந்திருப்பவர்களில் பாதிப் பேருக்காவது ஒரு பொறுப்பு இருக்கும். ஒருவர் கூட்டத்தை நடத்துவார். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார். பேசுகிறவர்கள் எத்தனை முறை ‘ஆ’, ‘ம்’ என்று இழுக்கிறார்கள் என்று ஒருவர் எண்ணுவார். மொழிப் பிழைகளை ஒருவர் குறித்துக்கொள்வார். பேசியவர்களை மதிப்பிடச் சிலர் இருப்பார்கள். அந்த மதிப்பீட்டாளர்களையும் சேர்த்து முழுக் கூட்டத்தையும் எடைபோட இன்னொருவர் இருப்பார். ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்து கலைந்துவிடுவார்கள்.

இந்த அமைப்பின் முதல் மன்றம் 1924 அக்டோபர் 22 அன்று கலிஃபோர்னியாவின் சான்டா ஆனா நகரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் அடித்தளத்தில் கூடியது. கூட்டியவர் ரால்ஃப் ஸ்மெட்லி. ஒய்.எம்.சி.ஏ.வில் பணியாற்றியபோது, அங்கு வரும் இளைஞர்களுக்குக் கூட்டம் நடத்தவும் நாலு பேர் முன்னால் பேசவும் தெரியவில்லை என்பதைக் கவனித்தவர் அவர். ஆசிரியர், மாணவர் என்ற பிரிவே இல்லாமல் உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் பயிற்சி கொடுத்துக்கொள்ளட்டும் என்பது அவருடைய ஏற்பாடு. நூறாண்டு கடந்தும் அந்த அடிப்படை மாறவில்லை. இன்று சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் ஆகிய நகரங்களில் தமிழிலேயே நடக்கும் மன்றங்களும் உண்டு.

சில காலம் உறுப்பினராகவும் பிறகு விருந்தினராகவும் இக்கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். பேச்சு பழக விரும்புகிறவர்களை இங்கே போகச் சொல்லத் தயங்கமாட்டேன். ஆனால் இங்கே பழகுவது பேச்சுக்கலையில் பாதிதான் என்பதையும் சேர்த்தே சொல்லுவேன். திருக்குறளில் 72ஆம் அதிகாரம் அவையறிதல்; அதை அடுத்து 73ஆவது அவையஞ்சாமை. இம்மன்றங்கள் 73ஐ அருமையாகக் கற்றுத் தருகின்றன. 72ஐ ஏறக்குறையத் தொடாமலே விட்டுவிடுகின்றன.

முதலில் கடிகாரம். தயாரித்த பேச்சுக்குப் பெரும்பாலும் 5 முதல் 7 நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில் பச்சை அட்டை, ஆறாவதில் மஞ்சள், ஏழாவதில் சிவப்பு. அதற்குமேல் முப்பது விநாடி சலுகை. போட்டியென்றால் ஏழரை நிமிடத்தைத் தாண்டியவர் தகுதி இழப்பார். நாலரை நிமிடத்துக்குள் முடித்துவிட்டவரும் அப்படியே. தமிழ் மேடையோடு பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும். நூல் வெளியீடோ நினைவேந்தலோ, “இரண்டே வார்த்தை பேசி அமர்கிறேன்” என்று தொடங்குகிறவர் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். கடைசியாகப் பேச வேண்டியவர், பெரும்பாலும் இளையவர் அல்லது பெண், ஒன்பதரை மணிக்குக் காலியாகிக்கொண்டிருக்கும் நாற்காலிகளைப் பார்த்துப் பேசுவார். மேடையில் நேரம் என்பது அதிகாரம். அந்த அதிகாரத்தை மூத்தவர், பதவியில் இருப்பவர், குரல் பெருத்தவர் ஆகியோரிடமிருந்து பிடுங்கி ஒரு அட்டைக்காரரிடம் ஒப்படைத்ததுதான் இம்மன்றங்கள் செய்திருக்கும் மிகப் பெரிய நன்மை என்று நினைக்கிறேன். கிளை மேலாளருக்கும் ஏழு நிமிடம், அவரிடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கும் ஏழு நிமிடம்.

இந்தச் சமத்துவம் தொடக்கத்திலிருந்தே இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 1973 வரை பெண்களுக்கு உறுப்பினர் உரிமையே இல்லை. ஹெலன் பிளான்சர்ட் என்பவர் 1970இல் ‘ஹோமர்’ என்ற ஆண் பெயரில் பதிவு செய்துகொண்டுதான் சேர முடிந்தது. அதே பிளான்சர்ட் 1985இல் அமைப்பின் முதல் பெண் உலகத் தலைவரானார். இன்று நம் ஊர் மன்றங்களில் பெண்கள் கணிசமாக இருக்கிறார்கள். அலுவலகக் கூட்டத்தில் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் குறுக்கீட்டைச் சந்திக்கும் ஒரு பெண்ணுக்கு, யாரும் இடைமறிக்காத ஏழு நிமிடம் என்ன தரும் என்பதை அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அடுத்தது, பயம் தெளிவது. மேடை நடுக்கத்துக்கு மனநல மருத்துவர்கள் சொல்லும் வழியும் இதுதான்: அஞ்சுவதைச் சிறு சிறு அளவில், பாதுகாப்பான இடத்தில், திரும்பத் திரும்ப எதிர்கொள்வது. மன்றத்தின் படிக்கட்டு அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. முதல் நாள் எழுந்து பெயர் சொன்னால் போதும். பிறகு அட்டை காட்டும் வேலை. யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்ற அறிக்கையை வாசிக்க ஒரு நிமிடம் எழுந்து நிற்க வேண்டும். பிறகு தன்னைப் பற்றிய 4 முதல் 6 நிமிட முதல் உரை. தன்னைப் பற்றிப் பேசச் சொல்வது நல்ல உத்தி. தகவல் தவறிவிடுமோ என்ற கவலை அங்கே இல்லை. கை நடுங்கிக் காகிதம் சலசலக்க நின்றவர்கள் ஓராண்டில் நிமிர்ந்து பேசுவதைப் பார்த்திருக்கிறேன். இந்த மாற்றம் உண்மையானது. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் இதே கூட்டங்களில் இன்னொன்றையும் பார்த்தேன். டேபிள் டாபிக்ஸ் என்றொரு பகுதி உண்டு. சீட்டில் இருக்கும் கேள்விக்கு யோசிக்க நேரமில்லாமல் ஒன்று முதல் இரண்டு நிமிடம் பேச வேண்டும். ஒரு மாலையில் கணக்கர் வேலை பார்க்கும் பெண் ஒருவர் சீட்டு எடுத்தார். ‘உங்கள் தெருவில் ஒன்றே ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?’ அவர் சற்று நேரம் தரையைப் பார்த்துவிட்டு, தண்ணீர் லாரி வரும் நேரத்தை மாற்றுவேன் என்றார். இரவு பதினொன்றுக்கு மேல்தான் லாரி வருகிறது. வேலைக்குப் போகிற பெண்கள்தான் குடத்தோடு நிற்கிறார்கள். மறுநாள் காலை ஐந்தரைக்கு எழ வேண்டும். லாரி பகலில் எங்கே போகிறது என்று கேட்டால் யாரும் சொல்வதில்லை. நாற்பது விநாடியில் சொல்லிவிட்டு நின்றார். ஒரு நிமிடம் ஆகாததால் பச்சை அட்டை ஏறவில்லை. மதிப்பீட்டாளர் நல்ல மனிதர். “மேடம், ரொம்ப நல்லா ஆரம்பிச்சீங்க. கையைக் கட்டிக்காம இருந்திருக்கலாம். எல்லாரையும் பார்த்துப் பேசியிருக்கலாம். முடிவு இன்னும் கொஞ்சம் பலமா இருந்திருக்கலாம். ஆனா உங்க குரல் அருமை” என்றார். கைதட்டினோம். அடுத்த சீட்டு.

அந்த அறையிலிருந்த யாருக்கும், எனக்கும் சேர்த்து, லாரி பகலில் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை. அன்று மாலை பேசப்பட்டவற்றில் அவையைத் தொட்டிருக்க வேண்டிய விஷயம் அது ஒன்றுதான். அவை கையைப் பார்த்தது, சொன்னதைக் கேட்கவில்லை. அது மதிப்பீட்டாளரின் குற்றமாகாது. அவர் பழகிய முறை அவரை அப்படிக் கேட்க வைக்கிறது.

மதிப்பீட்டுக்கென்று ஒரு வாய்ப்பாடு இருக்கிறது: முதலில் பாராட்டு, நடுவில் திருத்தம், முடிவில் மறுபடி பாராட்டு. புதியவர் மனம் நோகாமலிருக்க இது தேவை. ஆனால் ஐந்தாவது உரை, பத்தாவது உரை என்று வளர்ந்த பிறகும் அதே வாய்ப்பாடு தொடர்கிறது. மதிப்பீட்டாளருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். பாராட்டுக்கு இரண்டு பங்கு போனால் திருத்தத்துக்கு மிஞ்சுவது ஒரு நிமிடத்துக்கு மேல் இல்லை. அந்தச் சிறு இடைவெளியில் கண், கை, குரல் ஏற்ற இறக்கம் ஆகியவற்றைச் சொல்வது எளிது. ‘உங்கள் இரண்டாவது கருத்து முதல் கருத்தோடு முரண்படுகிறது’ என்று சொல்வது கடினம். அப்படிச் சொல்ல வேண்டுமானால் பொருளைத் தொடர்ந்து யோசித்திருக்க வேண்டும்.

பொருளை இம்மன்றங்கள் அறவே கணக்கில் எடுப்பதில்லை என்றால் அது நியாயமாகாது. போட்டிகளில் நெடுங்காலம் வழங்கிவந்த மதிப்பெண் தாளில் நூற்றுக்கு ஐம்பது உள்ளடக்கத்துக்குத்தான். பேசும் முறைக்கு முப்பது, மொழிக்கு இருபது. ஆனால் அந்த ஐம்பதைப் பிரித்துப் பார்த்தால் பேச்சின் கட்டமைப்பு, அவையில் அது உண்டாக்கும் விளைவு, அதன் பயன் என்று வரும். சொன்னது உண்மையா, அதற்குச் சான்று இருக்கிறதா என்று கேட்கும் தனிக் கட்டம் அதில் இல்லை. பொய்யான ஒரு செய்தியை ஒழுங்காக அடுக்கி, உருக்கமாகச் சொல்லி, நல்ல நோக்கத்தோடு முடித்தால் முழு மதிப்பெண் வாங்கத் தடை ஏதுமில்லை.

இது வெறும் ஊகமில்லை. பேச்சுப் பயிற்சி வட்டாரங்களில் ஒரு கணக்கு அடிக்கடி காதில் விழும்: நாம் தெரிவிப்பதில் சொற்களின் பங்கு 7 சதவீதம்தான், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 என்பார்கள்.  இந்தக் கணக்கின் மூலம் 1967இல் ஆல்பர்ட் மெஹ்ரபியன் வெளியிட்ட ஆய்வுகள். ஒற்றைச் சொல்லை வெவ்வேறு தொனியில் சொல்லவைத்து, முகபாவப் படங்களோடு சேர்த்துக் காட்டி, சொல்பவருக்கு விருப்பமா வெறுப்பா என்று கேட்ட சோதனைகள் அவை. சொல்லும் தொனியும் முரண்படும்போது உணர்ச்சியை எதிலிருந்து ஊகிக்கிறோம் என்பதே அங்கே கேள்வி. எல்லாப் பேச்சுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்று மெஹ்ரபியனே சொல்லியிருக்கிறார். இருந்தும் இந்த ஏழு சதவீதம் ஒரு மன்றத்தில் வேதவாக்காகச் சொல்லப்பட்டதையும், மதிப்பீட்டாளர் அதை ‘சிறப்பான புள்ளிவிவரம்’ என்று மெச்சியதையும் நேரில் கேட்டேன். சொற்களுக்கு ஏழே சதவீதம்தான் மதிப்பு என்று பேச்சுப் பயிலும் அவையே நம்பிவிட்டால், அப்புறம் பொருளைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

‘ஆ’ எண்ணும் வேலையிலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. தமிழ் மன்றங்களில் ‘வந்து’, ‘அதாவது’, ‘அப்புறம்’, ‘என்னன்னா’ எல்லாம் கணக்கில் சேரும். ஒருவர் தன் பேச்சில் ‘வந்து’ இருபத்துநாலு முறை வந்ததாகக் கேட்டால் திடுக்கிட்டுப் போவார். அடுத்த முறை குறையும். அதில் பயன் இருக்கிறது. ஆனால் ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ என்ற இரு ஆய்வாளர்கள் 2002இல் எழுதிய ஒரு கட்டுரை, ஆங்கிலத்தின் இத்தகைய ஒலிகள் வெறும் கழிவு அல்ல என்று வாதிடுகிறது. சிறு தாமதம் வருகிறது, பெரிய தாமதம் வருகிறது என்று கேட்பவருக்கு முன்கூட்டிச் சொல்லும் வேலையை அவை செய்கின்றன. யோசித்துப் பேசுகிறவரிடம் இந்த ஒலி வரும். மனப்பாடமாக ஒப்பிக்கிறவரிடம் வராது. ஒலியை மட்டும் எண்ணித் தண்டித்தால், யோசிக்கிறவரைவிட ஒப்பிக்கிறவரே தேர்ச்சி பெற்றவராகத் தெரிவார். நிறுத்தம் எங்கே நல்லது, தடுமாற்றம் எங்கே நல்லது என்று பிரித்துச் சொல்லும் காது வேண்டும். எண்ணிக்கைத் தாளால் அது முடியாது.

இன்னும் பெரிய குறை, பேசக்கூடாதவற்றைப் பற்றியது. அரசியல் வேண்டாம், மதம் வேண்டாம் என்பது பல மன்றங்களில் எழுதாத விதி. உலகத் தலைமையகம் அப்படி எந்தத் தலைப்பையும் தடை செய்யவில்லை. மன்றங்களே அமைதியை நாடி வைத்துக்கொண்ட கட்டுப்பாடு இது. வேலைக்குப் போகும் மக்கள் மாலையில் கூடும் இடத்தில் சண்டை வேண்டாம் என்ற எண்ணம் புரிகிறது. ஆனால் தமிழ்ப் பொதுப்பேச்சு எதனால் வளர்ந்தது என்று பார்த்தால் இந்த விதியின் விலை தெரியும். 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தம் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை மாலைதோறும் அது தொடர்ந்தது. மிஷனரிகளின் பிரசங்க முறையை அவர்களிடமே கற்று அவர்களுக்கு எதிராகவே திருப்பியவர் அவர். கேட்பவர்களில் யார் ஊசலாடுகிறார்கள், எந்த வாதம் அவர்களை இழுக்கிறது என்று அறியாமல் அந்தப் பேச்சு நடந்திருக்க முடியாது. 1908இல் தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூலித் தொழிலாளிகள் முன் பேசிய பேச்சு ராஜதுரோக வழக்காகிச் சிறைவரை போனது. திராவிட இயக்க மேடைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவர்கள் எல்லோரும் மறுப்பவர்களும் சந்தேகிப்பவர்களும் நிறைந்த அவையில் பேசினார்கள். குன்றக்குடி அடிகளார் மக்களிடம் கொண்டுசென்ற பட்டிமன்றத்திலும், முன்னால் பேசியவரின் வாதத்துக்குப் பதில் சொல்லாமல் தன் வாதத்தை வைக்க முடியாது. தொலைக்காட்சிக்குப் போன பிறகு பட்டிமன்றம் சிரிப்புத் துணுக்குகளின் தோரணமாகிவிட்டது உண்மைதான். ஆனாலும் பதில் சொல்லும் கட்டாயம் அதன் எலும்பில் இன்னும் இருக்கிறது.

அரசியலையும் மதத்தையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? தன்வரலாறு. விழுந்தேன், அழுதேன், எழுந்தேன் என்ற கதை. அமைப்பின் உலகப் பேச்சுப் போட்டி இந்த வகையை ஊக்குவிக்கிறது. 2014இல் கோலாலம்பூரில் இலங்கையின் தனஞ்சய ஹெட்டியாராச்சி அந்தப் பட்டத்தை வென்றார். சிறுவயதில் திக்குவாய் இருந்த சவூதியின் முகமது கஹ்தானி அடுத்த ஆண்டு வென்றார். இருவரும் தேர்ந்த பேச்சாளர்கள். நம் பகுதி மனிதர் ஒருவர் வென்றதில் எனக்கும் மகிழ்ச்சி. சிக்கல் அவர்களிடம் இல்லை. அந்தக் காணொளிகளைப் பார்த்து அதே இடத்தில் குரலைத் தாழ்த்தி, அதே இடத்தில் நிறுத்தி, அதே மாதிரி முடிக்கப் பழகும் நூற்றுக்கணக்கானவர்களிடம் இருக்கிறது. சோகக் கதைக்கு எதிர்க்கேள்வி கேட்க யாருக்கும் மனம் வராது. அதனாலேயே அது பாதுகாப்பான பேச்சு. பேசுகிறவரை அடுத்த படிக்கு ஏற்றாத பேச்சும் அதுவே.

அவையும் மாறுவதில்லை. வாரந்தோறும் அதே முகங்கள், வந்திருப்பதே கைதட்டத்தான் என்று ஒப்புக்கொண்ட முகங்கள். கிணற்றில் நீச்சல் பழகாமல் யாரும் ஆற்றில் இறங்கக் கூடாது. ஆனால் கிணற்றிலேயே பத்து வருடம் நீந்தியவருக்கு இழுப்பு என்றால் என்னவென்று தெரியாது. இம்மன்றங்களில் மிளிர்ந்தவர்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் கோபமான நாலு பேர் முன் திணறுவதைப் பார்க்கும்போது இதுதான் நினைவுக்கு வருகிறது. அங்கே அட்டை காட்ட ஆளில்லை, யாரும் வாக்கியத்தை முடிக்க விடுவதில்லை, எதிரே இருப்பவருக்கு வேறு தகவல் தெரிந்திருக்கிறது.

யார் வருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2023 அக்டோபர் முதல் ஆறு மாதத்துக்கு 60 டாலர் சந்தா. நம் பணத்தில் ஐந்தாயிரம் ரூபாயைத் தாண்டும். புதிதாகச் சேர்பவருக்கு நுழைவுக் கட்டணம் தனி. சென்னையில் பெரும்பாலான மன்றங்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. துணிக்கடை விற்பனையாளரோ ஊராட்சி உறுப்பினரோ இந்த அறைக்குள் வருவது அரிது. அறையில் எல்லோரும் ஒரே வகையான வேலை, ஒரே வகையான வருமானம் உள்ளவர்களாக இருந்தால் அவையறிதல் எப்படி வரும்? அறிய வேண்டிய வேறுபாடே அங்கே இல்லையே.

இவற்றைச் சரிசெய்ய அமைப்பைக் கலைக்க வேண்டியதில்லை. மருந்து அதன் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. பாத்வேஸ் என்ற இன்றைய பயிற்சித் திட்டத்தில் ஐந்து படிகள். அவற்றில் கேள்வி-பதில் அமர்வு நடத்துவதற்கு ஒரு பயிற்சி உண்டு; முரண்டுபிடிக்கும் அவையைச் சமாளிக்க இன்னொன்று உண்டு. ஆனால் பெரும்பாலும் விருப்பமிருந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்றே இவற்றை மேற்படியில் வைத்திருக்கிறார்கள். நான் பார்த்தவரை அந்தப் படிவரை ஏறுகிறவர்களும் குறைவு, ஏறியும் இவற்றைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இன்னும் குறைவு.

மன்றங்களை நடத்துகிற நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. மாதத்தில் ஒரு கூட்டத்திலாவது, தயாரித்த உரை ஒன்றின் முடிவில் ஐந்து நிமிடம் அவையைக் கேள்வி கேட்க விடுங்கள். பாராட்டுகள் வேண்டாம், கேள்விகள் மட்டும். ‘ஆ’ எண்ணும் ஒருவருக்குப் பக்கத்தில், சொல்லப்பட்ட தகவல்களைக் குறித்துக்கொண்டு எது சரி, எது சரியில்லை என்று அடுத்த வாரம் வந்து சொல்லும் இன்னொருவரை உட்கார வையுங்கள். அரசியல் தலைப்பு வந்தால் தடுக்காதீர்கள். நாகரிகமாக மறுக்கப் பழக்குங்கள். ஆண்டுக்குச் சில மாலைகளையாவது அரசுப் பள்ளியிலோ வார்டு நூலகத்திலோ, சந்தா கட்டாதவர்களையும் அழைத்து, தமிழில் நடத்துங்கள். அங்கே ஒருவர் எழுந்து தண்ணீர் லாரியைப் பற்றிப் பேசினால், அவர் கையை எங்கே வைத்திருந்தார் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். லாரியைப் பற்றி முதலில் கேளுங்கள்.